வங்கிக் கடன் நோட்டீஸ் வந்தால்…

கடன் பாக்கிக்காக வங்கியிலிருந்தோ கோர்ட்டிலிருந்தோ நோட்டீஸ் வந்தால், பயந்துபோய் வாங்காமல் திருப்பி அனுப்பிடாதீங்க. நீங்கள் ஆஜராகாவிட்டாலும் வழக்கு நடக்கும்; ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பும் வரலாம்.

எங்கே வழக்கு?

பாக்கி 20 லட்சம் ரூபாய்க்குக் குறைவு என்றால் சிவில் நீதிமன்றம். 20 லட்சமும் அதற்கு மேலும் என்றால் கடன் வசூல் தீர்ப்பாயம். இது சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது.

எதைப் பார்ப்பார்கள்?

கடன் ஒப்பந்தம், கணக்கு விவரம், காலக்கெடு. அடமானம் இல்லாத கடனுக்குப் பொதுவாக 3 ஆண்டுக்குள் வங்கி வழக்குப் போட வேண்டும். ஆனால் அந்தக் கெடுவுக்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க. கட்டிய ரசீதுகளைப் பத்திரமா வைங்க.

வீடு அடமானத்தில் இருந்தால்?

2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, வழக்குப் போடாமலே வங்கி நடவடிக்கை எடுக்கலாம்.

• முதலில் 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும்.
• ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுங்க. 15 நாளில் வங்கி பதில் தர வேண்டும்.
• வீட்டைக் கையகப்படுத்தினால், 45 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மனு போடலாம்.
• விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

சமரசம் வேண்டுமா?

மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது. அதனால் உங்களால் கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் ஒத்துக்கோங்க.

வக்கீல் வைக்க வசதியில்லையா? நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவை அணுகுங்கள், அல்லது 15100 எண்ணில் கேளுங்கள்.