இரண்டு நாள் வீட்டில், ஒரு நாள் மதுரையில்: என் பிரெஞ்சு வகுப்பு



பூட்டுக்கும் பூ மார்க்கெட்டுக்கும் பேர்போன திண்டுக்கல்லில், நாற்பத்தாறு வயது இல்லத்தரசிக்கு பிரெஞ்சு எதற்கு என்று கேட்காதவர்களே இல்லை. எங்கள் ஊருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் பழைய உறவு உண்டு. 1755-ல் இங்கே ஃபவுஜ்தாராக வந்த ஹைதர் அலி, அவர்கள் உதவியோடுதான் ஆயுதச்சாலை அமைத்தார். கொடைக்கானல் சலேத் மாதா கோயிலின் பெயரே ஒரு பிரெஞ்சு மலைக் கிராமத்தின் பெயர்தான்.

ஆனால் என் காரணம் வேறு. பிளஸ் ஒன், பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்க இங்கே ஆள் குறைவு. கையில் ஒரு சான்றிதழ் இருந்தால் வீட்டிலிருந்தே நாலு காசு சம்பாதிக்கலாமே!

இந்த மொழியில் ஆறு படிகள். ஏ-1, ஏ-2 ஆரம்பம். பி-1, பி-2 நடுநிலை. சி-1, சி-2 உயர்நிலை. முதல் இரண்டு படிகளை மனப்பாடத்திலேயே ஓட்டிவிடலாம். என்னோடு சேர்ந்த பெண்களில் பாதிப் பேர் பி-1 வாசலில் நின்றுவிட்டார்கள். வாரா வாரம் மதுரைக்கு அலைய யாரால் முடியும்?

அதனால்தான் இந்தப் பாதிக்குப் பாதி வகுப்பு எனக்கு வரப்பிரசாதம். வாரத்தில் இரண்டு மாலை செல்போனில் பாடம். மாதம் இரண்டு ஞாயிறு நேரில். காலையிலேயே மாமியாருக்கு இட்லியும் மருந்தும் எடுத்துவைத்துவிட்டு பஸ் ஏறினால், ஒன்றரை மணி நேரத்தில் ஆரப்பாளையம் ஸ்டாண்ட். "போய்ட்டு வா, மதியச் சமையல் நான் பார்த்துக்கறேன்" என்று வீட்டுக்காரர் சொல்ல ஆறு மாதம் ஆனது. அதுவே பெரிய பரீட்சை!

இலக்கணத்துக்கு செல்போன் போதும். ‘மழை பெய்துகொண்டிருந்தது, கரண்ட் போய்விட்டது’ என்று நாம் சொல்கிறோம் இல்லையா? அந்தப் ‘பெய்துகொண்டிருந்தது’வுக்கு ஒரு இறந்தகாலம், ‘போய்விட்டது’க்கு இன்னொன்று. தமிழ் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். நீ, நீங்கள் என்ற மரியாதை வித்தியாசமும் அப்படியே இருக்கிறது. படுத்துவது ஆண்பால், பெண்பால்தான். கரண்டி பெண்பாலாம், கத்தி ஆண்பாலாம்! அடுப்படியில் ஒவ்வொரு சாமானிலும் சீட்டு ஒட்டிப் படித்தேன். ஒரு வாரத்தில் மாமியாருக்கும் பாதி பாடம்!

உச்சரிப்புக்கு நேர் வகுப்புதான். ‘மேலே’ என்பதற்கும் ‘கீழே’ என்பதற்கும் உள்ள பிரெஞ்சுச் சொற்கள் கடைசி ஒலியில் மட்டும்தான் மாறும். கீழே என்றால் நம் ‘ஊ’. மேலே என்றால், உதட்டை ‘ஊ’ மாதிரி குவித்துக்கொண்டு ‘ஈ’ சொல்ல வேண்டும். செல்போனில் இரண்டும் ஒரே மாதிரி என் காதில் விழுந்தன. நேரில் டீச்சரின் வாயைப் பார்த்த பிறகே வித்தியாசம் புரிந்தது.

டெல்ஃப் பி-1 பரீட்சையில் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 25 மார்க். மொத்தம் நூற்றுக்கு 50 எடுத்தால் பாஸ். ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. 45 நிமிடத்தில் குறைந்தது 160 வார்த்தை எழுத வேண்டும். சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. பிரான்சில் பத்து வருட வசிப்பு அட்டைக்கு 2026 ஜனவரி முதல் பி-1 அளவு மொழியறிவு தேவை என்று 2024-ல் சட்டம் போட்டிருக்கிறார்கள். பெண்ணை அங்கே கட்டிக்கொடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

எனக்கு மலைப்பாக இருப்பது பேசும் பகுதிதான். ஒரு சின்னக் கட்டுரையைக் கொடுத்து, "இதில் உங்கள் கருத்து என்ன?" என்பார்கள். வகுப்பில் முதல்முறை இதைக் கேட்டபோது வார்த்தை தெரியாமல் நான் விழிக்கவில்லை. கருத்தே வரவில்லை! இருபது வருடமாக "என்ன குழம்பு?" என்றுதான் என்னைக் கேட்டிருக்கிறார்கள், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று யார் கேட்டார்கள்? இப்போது தினமும் பேப்பரில் ஒரு செய்தியை எடுத்து, முதலில் தமிழில் என் அபிப்பிராயத்தைச் சொல்லி, பிறகு பிரெஞ்சில் சொல்கிறேன். இதன் பலன் வீட்டிலும் தெரிகிறது. மகளின் மேற்படிப்பு பற்றிப் பேச்சு வந்தபோது என் யோசனையையும் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள்.

ஆசைப்படும் தோழிகளுக்கு ஒரு வார்த்தை. பணம் கட்டுமுன் எத்தனை வகுப்பு நேரில், எந்தக் கிழமை, பேச எவ்வளவு நேரம் தருவார்கள் என்று கேளுங்கள். பஸ் செலவையும் ஃபீஸோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஏ-2 வரை வந்து பரணில் புத்தகத்தைப் போட்டுவிட்டவர்கள், தூசி தட்டி எடுங்கள். நடுப்படி உயரம்தான், ஏறிவிடலாம்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்.