முதலாளி மாறினால் பாட்டும் மாறும்

சென்னையில் முதன்முதலாக வானொலி நடத்தியது சர்க்கார் அல்ல, ஒரு கிளப். திருவல்லிக்கேணியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். கிளப் வானொலி நடத்திய கதையைச் சொன்னால் என் பழைய வாடிக்கைக்காரர்களே நம்ப மாட்டார்கள்.

சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பை ஆரம்பித்தது. டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றுக்குச் செலவாகும் மின்சாரம்தான். பிறகு 200 வாட் ஆக்கினார்கள். பாட்டும் பேச்சுமாக மூன்று வருஷம் ஓடியது. காசு தீர்ந்துபோய் 1927-ல் மூடிவிட்டார்கள்.

டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930 ஏப்ரல் 1 முதல் ரிப்பன் மாளிகையிலிருந்து ஒலிபரப்பு. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பாட்டும் கதையும் உண்டு. மெரினா, ஹைகோர்ட் கடற்கரை, பீப்பிள்ஸ் பார்க், ராபின்சன் பார்க் எங்கும் ஒலிபெருக்கி கட்டினார்கள். அன்று ரேடியோ பெட்டி பணக்காரன் வீட்டுச் சாமான். பெட்டி வாங்க வக்கில்லாதவனும் காற்று வாங்க வந்த இடத்தில் நின்று கச்சேரி கேட்டான். இந்த ஊர் வானொலியை நடத்தியவர்களிலேயே எனக்குப் பிடித்த முதலாளி அந்த மாநகராட்சிதான்.

1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலி வந்தது. முதலில் எழும்பூர் மார்ஷல்ஸ் ரோடு, 1954 முதல் சாந்தோம் கடற்கரை. இப்போது முதலாளி டில்லி. அன்று கேட்பவன் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 1952-ல் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த கேஸ்கர் சினிமாப் பாட்டை ஒதுக்கினார். ஜனங்கள் ரேடியோ முள்ளை, சினிமாப் பாட்டுப் போட்ட இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினார்கள். என் கடைக்கு வந்தவர்கள் "கர்நாடகக் கச்சேரி தெளிவாக வருதா?" என்று கேட்டதில்லை. "சிலோன் எடுக்குமா?" என்பார்கள். மொட்டை மாடியில் ஏரியல் கம்பி கட்டிக்கொடுத்தே பாதி வயிற்றைக் கழுவினேன். டில்லி 1957-ல் சினிமாப் பாட்டுப் போடும் விவித் பாரதியைத் தொடங்கி வழிக்கு வந்தது. பத்து வருஷம் கழித்து விளம்பரத்தையும் அதில் சேர்த்துக்கொண்டது.

நாட்டின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ல் சென்னையில்தான் தொடங்கியது. 1990-களில் எஃப்.எம். நேரத்தைத் தனியாருக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டுப் பார்த்தார்கள். பிறகு அலைவரிசையையே ஏலம் விட்டார்கள். 2003-ல் சூரியன் எஃப்.எம்.மும் ரேடியோ மிர்ச்சியும் சென்னைக்கு வந்தன. ஏலத்தில் எடுத்தவர்கள் வருஷா வருஷம் ஏறும் லைசென்ஸ் கட்டணத்தில் மூச்சுத் திணறினார்கள். 2005-ல்தான் வருமானத்தில் 4 சதவீதம் என்று மாற்றினார்கள். விளம்பரத்தை மட்டுமே நம்பிப் பிழைக்கும் நிலையம் எல்லோருக்கும் தெரிந்த பாட்டைத்தான் போடும். ஆர்.ஜே.க்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

2004-ல் அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கிய அண்ணா எஃப்.எம். 90.4 வேறு ரகம். சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் கேட்கும் சமுதாய வானொலி. அக்கம்பக்கத்துப் பெண்களே வந்து பேசுவார்கள்.

எனக்கு உள்ள மனத்தாங்கல் ஒன்றுதான். பத்திரிகையும் டி.வி.யும் தன் செய்தியைத் தானே சேகரித்துச் சொல்லலாம். தனியார் எஃப்.எம்.முக்கு அந்த உரிமை இல்லை. ஆகாசவாணி என்கிற அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே மறுஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவுதான். முதலாளி எத்தனை பேர் மாறினாலும் செய்திப் பெட்டியின் சாவி இன்னும் டில்லியில்தான் இருக்கிறது. அதை இனியாவது கொடுத்துவிட வேண்டும்.