உப்பு போடாமல் சமைக்கும் உமரிக்கீரை

சாயர்புரம் பனை விளைகளையும் உடைமுள் வேலிகளையும் தாண்டிக் கிழக்கே போனால், பழையகாயல் பக்கம் உப்பளங்கள் வந்துவிடும். தெற்கே ஏரலுக்கு அருகில் ஓர் ஊருக்குப் பெயரே உமரிக்காடு. உமரி என்பது இந்தக் கரையோரத்துக் கீரை. யாரும் விதைப்பதில்லை, தண்ணீர் பாய்ச்சுவதில்லை. சமைக்கும்போது உப்பும் போட வேண்டியதில்லை.

ஐப்பசியில் மழை இறங்கியதும் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். பாத்தி காய்ந்து மறுபடி உப்பு எடுக்கும் வரை கூலி கிடையாது. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாகத் தமிழக அரசு 5,000 ரூபாய் வழங்குவதும் அதனால்தான். அதே மாதங்களில்தான் உப்பள வரப்பிலும் ஓடைக்கரையிலும் உமரி தளிர் விடுகிறது. மானாவாரிக் காட்டில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் முளைக்கின்றன. கூலி நிற்கும் நேரத்தில் காசில்லாமல் கிடைக்கிற சாப்பாடு இது.

இப்போது வரப்புகளில் களைக்கொல்லி, புறம்போக்கில் சீமைக்கருவேல், ஓடைகளில் கழிவுநீர். கீரையும் குறைகிறது, அதை அடையாளம் சொல்லத் தெரிந்த ஆட்களும் குறைகிறார்கள். எதைப் பறிப்பது, எங்கே பறிப்பது, எப்படிச் சமைப்பது என்ற மூன்றும் தெரிந்தால்தான் இந்தச் சாப்பாடு அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.

எது எது கீரை?

உமரியில் சில வகைகள் உண்டு. ஒன்றில் ஊசிபோல் சிறிய, சதைப்பற்றான இலைகள் நெருக்கமாக இருக்கும். மழைக்காலத்தில் பச்சையாகவும், வெயில் ஏற ஏறச் சிவந்தும் தெரியும். இன்னொன்றில் இலையே தெரியாது. தண்டு மட்டும் கணுக்கணுவாகக் கோத்த மணிபோல் நிற்கும். இரண்டிலும் நுனித்தளிர்தான் கீரை. முற்றினால் நார் விழுந்துவிடும்.

மூன்றாவது, கடற்கரை மணலிலும் உவர் தரையிலும் கொடிபோல் படரும் ஓர்ப்பூடு. தண்டு சிவப்பாகவும், இலை தடித்தும், பூ இளஞ்சிவப்பாகவும் இருக்கும். தோட்டத்துப் பசலியைப் போலத் தோன்றுவதால் கடற்கரைப் பசலி என்று சொன்னால் எளிதில் விளங்கும். ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதால் பெயரை மட்டும் நம்பாமல், செடியைக் கண்ணால் பார்த்துப் பழகுவதே நல்லது.

கடலைவிட்டுத் தள்ளி, தோட்டங்களிலும் மானாவாரிக் காடுகளிலும் மழைக்குப் பின் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, தரைப்பசலி, மூக்கிரட்டை, சாரணத்தி ஆகியவை முளைக்கும். சாரணத்தியில் இளந்தளிர் மட்டும் எடுக்க வேண்டும்; முற்றிய இலை வயிற்றைக் கலக்கிவிடும். வேலியில் கோவையும் பிரண்டையும் தூதுவளையும் கிடைக்கும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் இதே பருவத்தில் அதலைக்காய் காய்க்கும். அதன் கிழங்கு மண்ணுக்குள் காத்திருந்து மழைக்கு மழை முளைப்பதால், விதைக்காமலே ஆண்டுதோறும் காய் வருகிறது.

உப்பு எங்கிருந்து வருகிறது?

உவர் மண்ணில் சாதாரணப் பயிரின் வேர் தண்ணீரை இழுக்க முடியாமல் திணறும். உமரியும் ஓர்ப்பூடும் மண்ணின் உப்பை உள்ளே இழுத்து இலையில் தனியாகச் சேர்த்து வைக்கின்றன. அந்த உப்பின் பலத்தில்தான் தண்ணீரும் உள்ளே வருகிறது. இலை தடித்து நீர் கோத்திருப்பதும், மென்றால் உப்புக் கரிப்பதும் இதனால்தான்.

கணுக்கணுவாக வளரும் உமரியிலிருந்து தாவர உப்பு எடுக்கும் முறையை, குஜராத் மாநிலம் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. ஐரோப்பிய நாடுகளில் இதே இனத்துச் செடியை மீனுக்குத் துணையாக விலை கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இங்கே அதற்கு ‘பஞ்சத்துக் கீரை’ என்ற பெயர்தான் மிச்சம்.

அந்தக் கூச்சம் இன்று நேற்று வந்ததல்ல. சிறுபாணாற்றுப்படையில் வரும் ஏழைப் பாணன் வீட்டில், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். சத்தான ஒரு கீரையைக் கூச்சத்துக்காக விட்டுவிட்டுக் காசு கொடுத்து வாடிய காய் வாங்குவதில் லாபம் எதுவும் இல்லை. தரைப்பசலி இனக் கீரைகளில், மீனில் கிடைப்பதாக நாம் கேள்விப்படும் ஒமேகா-3 வகையைச் சேர்ந்த கொழுப்புச்சத்துகூட இருக்கிறது.

எங்கே பறிக்கக் கூடாது?

மண்ணில் இருக்கும் உப்பை இழுக்கிற செடி, மண்ணில் இருக்கும் மற்றதையும் இழுக்கும். ஓர்ப்பூடு காட்மியம் போன்ற கனஉலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்க்கக்கூடியது. அசுத்தமான மண்ணைச் சுத்தம் செய்ய உதவுமா என்று அதை ஆய்வு செய்வதும் அந்தக் குணத்தால்தான். ஆகவே ஆலைக் கழிவுநீர் ஓடை, சாம்பல் குட்டை, சாக்கடை கலக்கும் வாய்க்கால், வண்டி ஓயாத நெடுஞ்சாலை ஓரம் ஆகிய இடங்களில் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் கை வைக்க வேண்டாம். கழுவினால் தூசி போகும். இலைக்குள் சேர்ந்த உலோகம் போகாது.

அடுத்த ஆபத்து களைக்கொல்லி. கிளைபோசேட் அடித்த செடி அன்றைக்கே வாடாது. இரண்டு நான்கு நாட்கள் வரை பச்சையாகவே நிற்கும், சில செடிகள் ஒரு வாரத்துக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். பார்த்தால் நல்ல கீரைபோலவே தெரியும். அடுத்தவர் நிலத்து வரப்பில் பறிக்கும் முன், ‘மருந்து அடித்தீர்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்து அடித்தவரும் அக்கம்பக்கத்தில் சொல்லிவைக்க வேண்டும்.

தீவுகள் பக்கமும் போக வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கியவை. அனுமதியில்லாமல் அங்கே இறங்குவதும் செடி பறிப்பதும் குற்றம்.

தெரியாத செடியை ருசி பார்த்து அடையாளம் காண்பது கூடவே கூடாது. கீரையோடு கீரையாக ஊமத்தை நாற்று வந்துவிடலாம். செங்காந்தள் கிழங்கைச் சாப்பிடும் கிழங்கென்று நினைத்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து. முகத்துவாரப் பகுதியில் உள்ள தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். குழந்தைகளைக் கீரை பறிக்க அழைத்துப்போகும்போது, பறிக்க வேண்டிய செடிகளோடு இந்த மூன்றையும் காட்டிக்கொடுப்பது நல்லது.

சமையல்

நுனியில் இரண்டு அங்குல அளவுக்குக் கிள்ளினால் போதும். வேரோடு பிடுங்கக் கூடாது. மூன்று செடியில் ஒன்றைத் தொடாமல் விட்டால் அது விதைத்து அடுத்த மழைக்கு முளைக்கும்.

மண் போக மூன்று நான்கு தடவை அலச வேண்டும். பிறகு நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கீரையைப் போட்டு ஐந்து நிமிடம் வேகவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். புதுத் தண்ணீரில் இன்னொரு தடவை வேகவைத்துப் பிழிந்தால் உப்பு பெருமளவு இறங்கும். சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட்டும் குறையும். சத்து போய்விடுமே என்று இந்தத் தண்ணீரைக் குழம்பில் சேர்க்க வேண்டாம்.

பிழிந்த கீரையை எண்ணெயில் கடுகு, வற்றல், சின்ன வெங்காயம் தாளித்துப் போட்டு, தேங்காய்ப்பூ தூவி இறக்கினால் துவட்டல் தயார். பாசிப்பருப்போடு கூட்டாகவும் வைக்கலாம். ருசி பார்த்த பிறகே உப்பைப் பற்றி யோசிக்க வேண்டும், பெரும்பாலும் தேவைப்படாது. கருவாடு போடுவதாக இருந்தால் அதையும் ஊறவைத்துக் கழுவிவிட்டுப் போட வேண்டும்.

உவர் நிலத்துக்கும் உதவும்

கடலோர விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 4 மாதத்தில் 1 ஹெக்டேர் உவர் நிலத்திலிருந்து உமரி 504 கிலோ உப்பையும், ஓர்ப்பூடு 474 கிலோ உப்பையும் எடுக்க முடியும் என்று கணக்கிட்டார்கள். ஏக்கருக்குச் சுமார் 200 கிலோ. வேதாரண்யத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உவர்நிலத் தாவரங்களுக்கென்றே ஒரு மரபணுத் தோட்டம் அமைத்திருக்கிறது.

ஆனால் செடியை அறுத்து நிலத்தைவிட்டு வெளியேற்றினால்தான் உப்பு குறையும். மடக்கி உழுதால் எடுத்த உப்பு திரும்ப மண்ணுக்கே போய்விடும். உப்புத்தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும் இடத்திலும் பலன் நிற்காது, வடிகால் அவசியம். உவர் வேறு, களர் வேறு என்பதையும் மறக்கக் கூடாது. ஜிப்சம் போடுவது களருக்கு. முதலில் மண் பரிசோதனை செய்துவிட்டு, வாகைக்குளம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கிள்ளிக்குளம் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரியிலோ கேட்டு முடிவெடுக்கலாம்.

நிலம் உவராக இல்லாதவர்களும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சுற்றிலும் உள்ள நான்கு வரப்பில் ஒன்றையாவது களைக்கொல்லி படாமல் கைக்களை எடுத்து வைத்திருக்கலாம். மழைக்காலம் முழுக்க வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் கீரை அதிலிருந்தே வரும்.

வாசகர் கேள்விகள்

*ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உமரி சாப்பிடலாமா?*

தவிர்ப்பது நல்லது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். மற்றவர்களும் முதல் தடவை ஒரு கரண்டியோடு நிறுத்திப் பார்க்கலாம்.

*ஆடுகளுக்குக் கொடுக்கலாமா?*

அதையே தனித்தீவனமாகக் கொடுக்க வேண்டாம். மற்ற தழையோடு கொஞ்சமாகக் கலந்து கொடுத்து, பக்கத்தில் நல்ல தண்ணீர் தாராளமாக வைக்க வேண்டும்.

*வீட்டில் வளர்க்க முடியுமா?*

ஓர்ப்பூடு எளிது. கணு உள்ள தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் கணுவில் வேர் விடும். நல்ல தண்ணீரிலும் வளரும். அப்போது உப்புக் கரிப்பு குறைவாக இருக்கும். தாய்ச்செடியை மட்டும் சுத்தமான இடத்திலிருந்து எடுத்து வாருங்கள்.