மீன் குஞ்சுகளின் கடற்பயணம்

புதுச்சேரிக் கடற்கரையில் நிற்பவர் கண்ணுக்கு அலைகள் கரையை நோக்கி வருவது மட்டுமே தெரியும். ஆனால் சற்று அப்பால், கடல்நீர் கரையை ஒட்டி ஓர் ஆற்றைப் போல ஓடுகிறது. மீனவர்கள் இதனை நீவாடு என்பார்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்நீரோட்டம் வடக்கே பாய்கிறது. நவம்பர் வாக்கில் திசை மாறித் தெற்கே செல்கிறது. பருவக்காற்றுகள் மாறுவதே இதற்கு முக்கிய காரணம்.

இதற்கும் மீனுக்கும் என்ன தொடர்பு?

கடல் மீன்களில் பல, முட்டைகளை நீரிலேயே விட்டுவிடுகின்றன. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள அம்முட்டைகள் மிதந்து செல்கின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் லார்வா எனும் இளம் பருவத்திற்கு நீரோட்டத்தை எதிர்த்து நீந்த வலிமை இல்லை. நீர் போகும் வழியே அதன் வழி!

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நீரோட்டத்தின் வேகம் நொடிக்கு 25 செ.மீ. என்றால், ஒரு நாளில் 21.6 கி.மீ. ஆகிறது. நேராக வடக்கே ஓடினால், புதுச்சேரியில் பிறந்த லார்வா ஒரே வாரத்தில் சென்னையை எட்டிவிடும். ஆனால் கடலில் சுழல்களும் உண்டு. அவை சில லார்வாக்களைக் கரையருகே நிறுத்துகின்றன. சிலவற்றை ஆழ்கடலுக்குத் தள்ளிவிடுகின்றன. ஆண்டுக்கு ஆண்டு மீன்வளம் ஏறி இறங்க இத்தகைய இழப்பும் ஒரு காரணமாகலாம் என்று நார்வே நாட்டு அறிஞர் யோஹான் யோர்ட் 1914-இல் எடுத்துரைத்தார்.

லார்வா முற்றிலும் கையாலாகாததும் அன்று. வளர வளர அது மேலும் கீழும் நகரக் கற்கிறது. சில இனங்கள் ஓதம் ஏறும்போது மேலே வந்து, நீரோடு முகத்துவாரத்துக்குள் நுழைகின்றன. ஓதம் வடியும்போது அடியில் தங்கிவிடுகின்றன. மடவை மீன் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகளோ கழிமுகங்களில் வளர்கின்றன.

புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்றின் கழிமுகமும் தேங்காய்த்திட்டின் சதுப்புக் காடுகளும் இத்தகைய தொட்டில்களே. அங்குள்ள வேர்களின் இடுக்கில் உணவும் உண்டு, ஒளிவிடமும் உண்டு. மணல் முகத்துவாரத்தை அடைத்தாலோ, கழிவுநீர் ஆற்றைக் கெடுத்தாலோ, நெடுந்தொலைவு பயணம் செய்து வந்த குஞ்சுக்குப் புகலிடம் ஏது?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. அது தாய் மீனைக் காக்கிறது. குஞ்சைக் காக்கக் கழிமுகத்தையும் காக்க வேண்டும். நீரோட்டம் குஞ்சுகளை வாசல்வரைதான் கொண்டுவரும். வாசலைத் திறந்து வைப்பது நம் கையில் இருக்கிறது.