மீட்டிங் ஹால் கேமராவை யார் திறப்பது?

தாம்பரம் சானடோரியத்து மெப்ஸ் வளாகத்தில் தொடங்கி, பெருங்களத்தூர், வண்டலூர் தாண்டிக் கூடுவாஞ்சேரி வரை, ஜி.எஸ்.டி. சாலையோர நிறுவனங்களில் மீட்டிங் ஹால் என்றாலே சுவரில் பெரிய திரையும் அதன் மேல் ஒரு கேமராவும் இருக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் விலை பேசுவது அதன் முன்னால்தான். அந்தக் கேமராவை வெளியாள் திறக்க முடியுமா?

முடியும் என்று 2012 ஜனவரியிலேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் ரேபிட்7 நிறுவனத்தைச் சேர்ந்த எச்.டி.மூர் இணையத்தின் ஒரு சிறு பகுதியைத் துழாவியதில், சுமார் 5,000 மீட்டிங் அறைகள் திறந்து கிடப்பது தெரிந்தது. பாஸ்வேர்டு எதையும் அவர் உடைக்கவில்லை. அழைப்பு வந்தால் கருவியே எடுத்துக்கொள்ளும் 'ஆட்டோ ஆன்சர்' ஆனில் இருந்தது, அவ்வளவுதான். வழக்கறிஞர் அலுவலகம், சிறையில் கைதியும் வக்கீலும் சந்திக்கும் அறை, மருத்துவமனை அறுவை அரங்கு வரை பட்டியலில் இருந்தன. எனவே செட்டிங்ஸில் முதலில் அணைக்க வேண்டியது ஆட்டோ ஆன்சர். அது தேவைப்படும் இடத்தில், அழைப்பை எடுக்கும்போதே மைக் மியூட்டில் இருக்கும்படியாவது வைக்க வேண்டும்.

அடுத்தது சிக்னலிங். வீடியோ அழைப்பு இரண்டு கட்டமாக நடக்கிறது. யார் யாரைக் கூப்பிடுகிறார், எந்த வடிவத்தில் படம் அனுப்புவது என்று இரு கருவிகளும் முதலில் பேசி முடிவுசெய்கின்றன, அதுதான் சிக்னலிங். படமும் குரலும் அதன்பின் தனி வழியில் போகின்றன. சிக்னலிங்குக்கு 1996-இல் வந்த எச்.323, இன்று பரவலாக உள்ள எஸ்.ஐ.பி. என இரண்டு நெறிமுறைகள் உண்டு. முன்னதற்கு 1720, பின்னதற்கு 5060 என்று போர்ட் எண்கள் ஊரறிந்தவை. அதனால்தான் பப்ளிக் ஐ.பி.யில் நேரடியாக மாட்டிய கருவிக்கு நள்ளிரவில் 100, 1001 என்று ஏதோ ஒரு எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது. கூப்பிடுவது மனிதரல்ல, திறந்த கருவியைத் தேடி அலையும் மென்பொருள். பயன்படுத்தாத நெறிமுறையை அணைத்துவிட்டு, கருவியை ஃபயர்வாலுக்குப் பின்னால் கொண்டுபோனாலே இந்தத் தொல்லை பெரும்பாலும் ஓயும்.

பலரும் கோட்டைவிடுவது குறியாக்கத்தில்தான். பல கருவிகளின் மெனுவில் 'ஆஃப்', 'வென் அவைலபிள்', 'ரெக்வயர்டு' என்று இருக்கும். நடுவில் உள்ளதைத் தேர்ந்தால், எதிர்முனைக் கருவிக்குக் குறியாக்கம் தெரியாதபோது அழைப்பு பாதுகாப்பில்லாமலே இணைந்துவிடும். விலையும் ஒப்பந்தமும் பேசும் அறைக்கு 'ரெக்வயர்டு'தான் சரி. சில அழைப்புகள் இணையாமல் போனாலும் பரவாயில்லை.

அதோடு எஸ்.ஐ.பி.யின் டிரான்ஸ்போர்ட்டை, சிக்னலிங்கையும் குறியாக்கம் செய்யும் டி.எல்.எஸ்.ஸுக்கு மாற்ற வேண்டும். அதற்குரிய போர்ட் 5061. காரணம், படத்தையும் குரலையும் பூட்டும் சாவி பல அமைப்புகளில் சிக்னலிங் வழியாகவே போகிறது. சிக்னலிங் திறந்திருந்தால், பெட்டியைப் பூட்டிச் சாவியை மேலேயே வைத்த கதைதான்.

இப்படி ஒரு பகுதி பூட்டி, இன்னொரு பகுதி திறந்திருப்பதற்குக் கூடுவாஞ்சேரி அருகிலேயே உதாரணம் உண்டு. எஸ்டான்சியா வளாகத்தில் இயங்கும் ஜோஹோவின் 'அரட்டை' செயலி 2025 செப்டம்பரில் திடீரெனப் பரவியபோது, குரல், வீடியோ அழைப்புகளுக்கு முனைக்கு முனை குறியாக்கம் இருந்தது. எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. கேள்வி எழுந்த பிறகே அந்த வேலை வேகம் பிடித்தது. எந்தச் செயலியை வாங்கினாலும், 'பாதுகாப்பானதா' என்பதோடு நிறுத்தாமல், 'எதெது பாதுகாப்பானது' என்றும் கேட்க வேண்டும்.

குறியாக்கம் மட்டும் போதாது என்பதற்குக் கர்நாடக உயர் நீதிமன்றம் சாட்சி. 2023 டிசம்பரில் வீடியோ விசாரணைக்குள் புகுந்த விஷமிகள் ஆபாசக் காட்சியை ஓடவிட்டதால், வீடியோ வசதியையே நீதிமன்றம் சில காலம் நிறுத்த நேர்ந்தது. லிங்க் கையில் இருந்தால் போதும், உள்ளே வரலாம் என்ற நிலையைத் தடுப்பது வெயிட்டிங் ரூம். திரையைப் பகிரும் உரிமையும் கூட்டத்தை நடத்துபவரிடம் மட்டுமே இருக்க வேண்டும்.

டி.எல்.எஸ். போட்டதும் அழைப்பு இணையவில்லை என்றால், முதலில் கருவியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். கடிகாரம் தப்பாக ஓடினால், டி.எல்.எஸ். நம்பியிருக்கும் சான்றிதழைக் கருவி செல்லாததாகக் கருதிவிடும். இதைக் கவனிக்காத டெக்னீஷியன் அவசரத்தில் டிரான்ஸ்போர்ட்டை 'ஆட்டோ'வுக்கு மாற்றிவிட்டுப் போனால், அந்தக் கருவி மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நேரத்தை என்.டி.பி. சர்வரோடு இணைத்து, ஒரு சோதனை அழைப்பு போட்டு, திரையில் மூடிய பூட்டுச் சின்னம் வருகிறதா என்று அவர் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.