ஸ்டியரிங்கை மாற்றலாம்... காரை வெட்டலாமா?

சென்னை அசோக் பில்லரை ஒட்டிய அவென்யூ ஒன்றில் ஒரு மாநகரப் பேருந்துக்குப் பின்னால் போகிறீர்கள். முந்த வேண்டும். நம் ஊர்க் காரில் தலையை லேசாக வலப்பக்கம் சாய்த்தாலே எதிரே வண்டி வருகிறதா என்று தெரிந்துவிடும். 1965 ஃபோர்டு மஸ்டாங்கில் உட்கார்ந்திருந்தால் கதையே வேறு. அதன் ஸ்டியரிங் இடப்பக்கம். கண்ணெதிரே பஸ்ஸின் முதுகும் பிளாட்பாரமும்தான். காரின் பாதியை எதிர்ப்பக்கம் நீட்டிய பிறகுதான் வருகிற வண்டி கண்ணில் படும். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

லெஃப்ட் ஹேண்ட் வண்டிகள் நமக்குப் புதிதல்ல. இறக்குமதிக்குக் கதவு சாத்தியிருந்த காலத்தில், தூதரக அதிகாரிகள் கொண்டுவந்த கார்களை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்றது. அவற்றை வாங்கியவர்களில் பலர் முதலில் தேடியது ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றித் தரும் மெக்கானிக்கைத்தான். அந்தத் தேவை மறுபடி வரப்போகிறது. முன்பு 1950-க்கு முந்தைய கார்களைத்தான் விண்டேஜ் என்ற பெயரில் இறக்குமதி செய்ய முடிந்தது. 2025-ல் அது 50 ஆண்டு கடந்த எந்தக் காருக்கும் என்று தளர்த்தப்பட்டது. 1960-களின் ஸ்போர்ட்ஸ் கார்கள் எல்லாம் இந்த வளையத்துக்குள் வந்துவிட்டன. பழைய கார்ச் சந்தையில் பெரியது அமெரிக்கா. அங்கிருந்து வருவது பெரும்பாலும் இடப்பக்க ஸ்டியரிங்கோடுதான் வரும்.

பிரிட்டன் தயாரித்த ஸ்போர்ட்ஸ் கார்களிலும் ஏராளமானவை அமெரிக்காவுக்குத்தான் கப்பலேறின. 1945 முதல் 1949 வரை வந்த எம்ஜி டிசி ஓர் அபூர்வம். தயாரான சுமார் 10,000 கார்களும் வலப்பக்க ஸ்டியரிங்தான். அமெரிக்கர்களும் அப்படியேதான் வாங்கி ஓட்டினார்கள். பின்னால் வந்த எம்ஜிபி, ஜாகுவார் இ-டைப், டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் எல்லாம் இரண்டு வகையிலும் தயாராயின. மெர்சிடிஸ் 300 எஸ்எல் 'கல்விங்' இடப்பக்க ஸ்டியரிங்கோடு மட்டுமே வந்தது. 1964-ல் பிறந்த மஸ்டாங்குக்குத் தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டியரிங் கிடைக்க 2015 வரை ஆனது. இடையில் 1960-களின் நடுவில் ஃபோர்டு ஆஸ்திரேலியா சுமார் 200 மஸ்டாங்குகளைத் தானே மாற்றி விற்றது.

ஒரு காரை மாற்றலாமா வேண்டாமா என்பதற்கு விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. வலப்பக்க ஸ்டியரிங்கோடு பிறந்த உடன்பிறப்பு அந்தக் காருக்கு உண்டா, இல்லையா?

பானெட்டுக்குள் என்ன நடக்கிறது?

ஸ்பிட்ஃபயர் போன்ற கார்களில் ஸ்டியரிங் தண்டின் நுனியில் உள்ள 'பினியன்' என்ற பல்சக்கரம், 'ராக்' என்ற பல்சட்டத்தைத் தள்ளுகிறது. இடப்பக்க ராக்கைக் கழற்றித் திருப்பி வலப்பக்கம் மாட்டினால் என்ன ஆகும்? ராக், பினியனுக்கு மறுபக்கம் போய்விடும். நீங்கள் இடப்பக்கம் ஒடித்தால் சக்கரம் வலப்பக்கம் திரும்பும்! அதனால் வலப்பக்கத்துக்கென்றே செய்த ராக் வேண்டும். அதோடு பெடல்கள், பிரேக் மாஸ்டர் சிலிண்டர், டேஷ்போர்டு, கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர்களின் வீச்சு எல்லாமே இடம் மாற வேண்டும். ஹெட்லைட்டையும் மறக்கக் கூடாது. ஐரோப்பிய லெஃப்ட் ஹேண்ட் கார்களின் டிம் லைட் வலது ஓரத்தை நோக்கி உயரும். நம் ரோட்டில் அது எதிரே வருபவரின் கண்ணில்தான் அடிக்கும்.

உடன்பிறப்பு உள்ள காருக்கு இந்தப் பாகங்கள் எல்லாமே கம்பெனி அளவில் கிடைக்கும். பழைய மஸ்டாங் வி8-ல் அந்த வசதி இல்லை. ஸ்டியரிங் பாக்ஸ் வந்து உட்கார வேண்டிய வலப்பக்கத்தில் ஸ்டார்ட்டர் மோட்டார் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஹீட்டர். எனவே எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். செலவுக்குப் பயந்து சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். ஸ்டியரிங் பாக்ஸை இடப்பக்கமே விட்டுவிட்டு, டேஷ்போர்டுக்குப் பின்னால் சங்கிலி போட்டு வலப்பக்க வீலோடு இணைப்பது. பிரேக் பெடலிலிருந்து இடப்பக்க சிலிண்டருக்கு நீண்ட குறுக்குத் தண்டு விடுவது. சங்கிலி தளர்ந்தால் ஸ்டியரிங்கில் ஆட்டம் வரும். குறுக்குத் தண்டு முறுக்கிக்கொண்டால் அவசரத்தில் மிதித்த பிரேக் முழுதாகப் பிடிக்காது. உயிரோடு விளையாடும் இந்த வேலையை எந்த மெக்கானிக்கும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

மெட்ராஸிலேயே உறவு

நல்ல வழிக்கு நம் ஊரிலேயே அடித்தளம் இருக்கிறது. வண்டலூர் பக்கம் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961-ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரிப்பைத் தொடங்கியது. அது டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயர், அதே ஹெரால்டின் முன் சஸ்பென்ஷனையும் ஸ்டியரிங் அமைப்பையும் வைத்து உருவான ஸ்போர்ட்ஸ் கார். நம் ஹெரால்டுகள் எல்லாமே வலப்பக்க ஸ்டியரிங். அவற்றைப் பிரித்துப் பூட்டிப் பழகிய கைகளுக்கு ஸ்பிட்ஃபயரின் முன்பாகம் அந்நியமாக இருக்காது. அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளின் கைப்பழக்கம் அவர்களோடு போய்விடாமல் இளைஞர்களிடம் வந்து சேர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இடப்பக்க ஸ்டியரிங் என்பதாலேயே ஒரு கார் சட்டவிரோதம் ஆகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-வது பிரிவு, விதிப்படியான சிக்னல் கருவி பொருத்தப்பட்டு அது வேலை செய்யும் நிலையில் இருந்தால், லெஃப்ட் ஹேண்ட் வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட இடம் தருகிறது. மறுபக்கம், தயாரிப்பாளர் தந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை 52-வது பிரிவு தடுக்கிறது.

2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதிகள் இன்னும் முக்கியம். 50 ஆண்டு கடந்து, மூல வடிவத்தில் பராமரிக்கப்பட்டு, சேஸிஸ், பாடி ஷெல், இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்குத்தான் 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட நம்பர் பிளேட். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; 10 ஆண்டுக்குச் செல்லும். கண்காட்சி, விண்டேஜ் ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் வண்டியை வெளியே எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமை ராலிக்குப் போகும் ஒரு காரின் பாடியை வெட்டி அதன் விண்டேஜ் தகுதியையே பணயம் வைப்பானேன்?

உடன்பிறப்பு இல்லாத காரை இடப்பக்க ஸ்டியரிங்கோடே விட்டுவிடுங்கள். வலப்பக்க சீட்டில் ரோடு பார்த்துச் சொல்ல ஒருவரை உட்காரவைத்து, நிதானமாக ஓட்டுங்கள். உடன்பிறப்பு உள்ள கார் என்றால், வேலையைத் தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் கம்பெனி பாகங்களை மட்டும், வெட்டாமல், போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் பெயர் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்; நாளை வாங்குபவர் பழையபடி திருப்ப நினைக்கலாம்.

போக்குவரத்துத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். எந்த மாற்றம் ஏற்கத்தக்கது, அதை யார் சோதித்துச் சான்று தருவது என்பதை ஒரே சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லுங்கள். கார்கள் துறைமுகத்தில் வந்து இறங்கும் முன் அது வெளியாக வேண்டும்.