'சினிமா 16': பல்வகைப் படத்தொகுப்பின் வைப்புமுறை

திரைப்படம் பற்றிய ஆராய்ச்சிகளுள் பெரும்பாலன தனிப்படம் ஒன்றனையோ, அதனை ஆக்கிய இயக்குநர் ஒருவரையோ பொருளாகக் கொண்டன. ஒரே மாலையில், ஒரே திரையில், எப்படங்கள் அடுத்தடுத்துக் காட்டப்பெற்றன? அவ்வரிசையை வகுத்தவர் யாவர்? அவர் கருதியது யாது? இவ்வினாக்கள் அருகியே எழுகின்றன. பாடினோர் வேறு, தொகுத்தோர் வேறு, தொகுப்பித்தோர் வேறு எனப் பிரித்துணரும் இலக்கிய வழக்கினையுடைய நமக்கு இவை புதியன அல்ல. நியூயார்க்கு நகரில் 1947 முதல் 1963 வரை நிலவிய 'சினிமா 16' என்னும் திரைப்படக் கழகத்தைச் சான்றாகக் கொண்டு, படங்களைத் தொகுத்தலும் ஒருவகைப் படைப்பே என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அக்காலத்து அமெரிக்கத் திரையரங்குகளின் நிலையை அறிதல் வேண்டும். பெரும் படநிறுவனங்களே நகரங்களின் சிறந்த அரங்குகள் பலவற்றையும் தம் உடைமையாகக் கொண்டிருந்தன. பிற அரங்கினர் தாம் விரும்பும் படம் ஒன்றனைப் பெற வேண்டின், விரும்பாதன பலவற்றையும் உடன்கொள்ளல் வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். 1948-இல் பாரமவுண்ட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இவ்வழக்கத்தைச் சட்டத்திற்கு மாறானதென்று தீர்த்தது. ஆகவே, அரங்குகளில் தொகுப்பு என ஒன்று முன்பும் இருந்தது. ஆயின் தொகுத்தது வாணிகமே. அறிவியற் படம், நடனப் படம், கதையற்ற சோதனைப் படம் ஆகியவற்றிற்கு அத்தொகுப்பில் இடமில்லை. அவை பள்ளிகளிலும் ஆய்வுக் கூடங்களிலும் ஆக்கியோர்தம் பெட்டிகளிலும் உறங்கின.

இந்நிலையை மாற்றியதில் ஒரு கருவிக்கும் பங்கு உண்டு. திரையரங்குகளில் வழங்கிய 35 மில்லிமீட்டர் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் இயல்பினது. அதனை ஓட்டத் தனியறையும் பயின்ற கையும் வேண்டும். 1923-இல் கோடக் நிறுவனம் கொணர்ந்த 16 மில்லிமீட்டர் சுருளோ அத்தீங்கு இல்லாதது. விலையும் எடையும் குறைந்தது. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்க்குப் படம் காட்ட இவ்வகைக் கருவிகள் மிகுதியாகப் பயன்பட்டன. போர் முடிந்தபின் சிறு கூடங்களிலும் படம் காட்டுதல் இயல்வதாயிற்று. கழகத்தின் பெயரில் அமைந்த எண் இச்சுருளின் அகலமே.

கழகத்தைத் தோற்றுவித்தவர் ஏமாஸ் வோகெல் என்பவரும் அவர்தம் மனைவியார் மார்சியாவும் ஆவர். வோகெல் 1921-இல் வியன்னா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938-இல் நாசிகள் ஆஸ்திரியாவைக் கைக்கொண்டபின் நாடுவிட்டு நீங்கியவர். இளமையிலேயே வியன்னாவில் திரைப்படக் கழகம் ஒன்றிற் படம் பார்த்துப் பழகியவர். 1946-இல் மாயா டெரன் என்னும் பெண் இயக்குநர், கிரீனிச்சு வில்லேஜ் பகுதியிலிருந்த பிராவின்சுடவுன் நாடக அரங்கைத் தாமே வாடகைக்கு எடுத்துத் தம் படங்களைக் காட்டினார். அதனைக் கண்ட வோகெல், மறு ஆண்டில் அதே அரங்கிலேயே தம் முயற்சியைத் தொடங்கினார்.

முதல் நிகழ்ச்சியில் ஐந்து படங்கள் காட்டப்பெற்றன. ஒன்று, மார்த்தா கிரஹாம் ஆடிய 'புலம்பல்' என்னும் நடனத்தின் படம். நீண்ட குழாய்போல் தைத்த துணிக்குள் உடல் முழுதும் அடங்க, இருக்கையை விட்டு எழாமலே ஆடப்பெறும் ஆட்டம் அது. மற்றொன்று, உயிரியல் அறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லியின் மேற்பார்வையில் அமைந்த 'குரங்கிலிருந்து மனிதன்'. பிறிதொன்று, சிட்னி பீட்டர்சனும் ஜேம்ஸ் பிராட்டனும் சான் பிரான்சிஸ்கோவில் எடுத்த 'பாட்டெட் சாம்' என்னும் சோதனைப் படம். காரண காரியத் தொடர்பின்றிக் கனவுபோல் இயங்குவது. அடுத்தது டக்ளஸ் கிராக்வெல் ஆக்கிய 'கிளென்ஸ் பால்ஸ் சீக்வென்ஸ்'. இதழ்களுக்கு ஓவியம் வரைந்து வாழ்ந்த அவர், கண்ணாடித் தகடுகளில் வண்ணத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, உருவங்கள் தாமே முளைத்து மறைவன போல் அமைத்த படம். எஞ்சிய ஒன்று பிலிப் ஸ்டாப்பின் 'எல்லைக் கோடுகள்'. இனம், செல்வம் முதலியவற்றால் மாந்தர் தமக்கிடையே கிழித்துக்கொள்ளும் கோடுகளை, ஓடும் கோடுகளாலேயே காட்டும் ஓவியப் படம்.

இவ்வைந்தினையும் ஒருங்கு நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். நடனப் படத்தில் உடல் துயரின் வடிவாகிறது. ஹக்ஸ்லியின் படத்தில் அதே மனித உடல் விலங்கின் வழிவந்த உடலாகிறது. கிராக்வெல்லின் உருவங்கள் பொருள் எதனையும் குறியாமல் திரிபடைகின்றன. ஸ்டாப்பின் கோடுகளோ பொருளன்றி வேறொன்றும் குறியா. ஒன்றனைக் கண்ட கண்ணொடு மற்றொன்றனைக் காணும்போது, அறிவியற் படத்தில் நடனமும் ஓவியப் படத்தில் அறிவியலும் தோன்றுகின்றன. தனித்தனியே பார்ப்பின் இவ்வுணர்வு பிறவாது. சுவைக்குச் சுவை மாற்றி விருந்தினரை மகிழ்விக்கும் பந்தி அன்று இது. ஒவ்வொரு படமும் அடுத்த படத்திற்கு உரையாக நிற்கின்றது.

நம் தொகை நூல்களை இங்கு எண்ணாமல் இருத்தல் இயலாது. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற பாட்டெல்லாம் பாலை, 2, 8 என முடிவன குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்து, இருபது என வருவன நெய்தல். பாலையைப் பாடிய புலவர் அடுத்த பாட்டுக் குறிஞ்சியாகும் என்று அறியார், அறிந்தவர் தொகுத்தவரே. பிரிவை அடுத்துப் புணர்வைப் படிக்கும் நமக்கு உண்டாகும் உணர்ச்சிக்கு அவரும் ஒருவகையிற் காரணர். ஆயினும் இவ்வொப்புமையை மிகைப்படுத்தல் கூடாது. அகநானூற்று முறை எண்ணால் அமைந்தது. அடுத்து வருவது எத்திணை என்பது முன்பே தெரியும். வோகெலின் முறையில் அடுத்து வருவது யாதென்று அவையோர் ஊகித்தலே அரிது.

தொடங்கிய சில நாள்களிலேயே தணிக்கை குறுக்கிட்டது. நியூயார்க்கு மாநிலத்தில் பொதுமக்கட்குக் காட்டும் படம் ஒவ்வொன்றையும் கட்டணம் செலுத்தித் தணிக்கையாளரிடம் ஒப்படைத்து இசைவு பெறல் வேண்டும். ஐந்து சிறு படங்கட்கு ஐந்து முறை இதனைச் செய்தல் சிறு கழகத்திற்கு இயலாத பொருட்செலவு. எனவே வோகெல் பொது அரங்காக நடத்துவதை விடுத்து, உறுப்பினர் மட்டுமே புகும் தனிக் கழகமாக மாற்றினார். வாயிலில் சீட்டு விற்பது நின்றது. பருவம் முழுமைக்கும் முன்பணம் பெறுவது வழக்கமாயிற்று. 1952-இல் 'மிராக்கிள்' என்னும் இத்தாலியப் படத்தைப் பற்றிய வழக்கில், திரைப்படமும் பேச்சுரிமையின் பாதுகாப்பிற்கு உரியதென உச்ச நீதிமன்றம் கூறியபோதும், அம்மாநிலத் தணிக்கை 1965 வரை நீடித்தது.

தணிக்கைக்கு அஞ்சிச் செய்த இம்மாற்றமே தொகுப்பு நெறிக்கு உறுதுணையாயிற்று என்பது என் கருத்து. சீட்டு விற்கும் அரங்கில் ஒவ்வொரு படமும் தன் கூட்டத்தைத் தானே ஈட்டல் வேண்டும். ஈட்டாதது மறுநாள் நீக்கப்படும். முன்பணம் தந்த உறுப்பினரோ நடனத்தை விரும்பி வந்து இறைச்சிக்கூடத்தையும் காண நேரும். ஜார்ஜ் பிரான்ஜு 1949-இல் பாரிசு நகரத்து இறைச்சிக்கூடங்களைப் பற்றி எடுத்த 'விலங்குகளின் குருதி' இக்கழகத்திற் காட்டப்பெற்ற படங்களுள் ஒன்று; முகத்தைத் திருப்பிக்கொள்ளாமற் பார்த்தல் அரிது. உறுப்பினர்க்குப் பிடிக்கும் என்பது பற்றி ஒரு படத்தைத் தேர்தல் கூடாது என்பதே வோகெலின் கொள்கை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் விளக்கக் குறிப்பு எழுதி அளித்தனர். இவ்வளவு கடுமையான கொள்கையுடைய கழகத்தில் ஒரு காலத்தில் 7,000 உறுப்பினர் வரை இருந்தனர் என்பது வியப்பிற்குரியது. ஏறத்தாழ 1,600 பேர் அமரும் பள்ளி மண்டபம் ஒன்றில் ஒரே நிகழ்ச்சியைப் பலமுறை காட்டினர்.

தொகுப்போர் கையில் எத்துணை ஆற்றல் உண்டு என்பதற்கு 1959 நவம்பர் 11 சான்றாகும். அன்று ஜான் கசவெட்டிசின் 'நிழல்கள்', ராபர்ட் பிராங்கும் ஆல்பிரெட் லெஸ்லியும் எடுத்த 'புல் மை டெய்சி' ஆகிய இரண்டும், முன்னேற்பாடின்றி அப்போதைக்கப்போது புனையும் படக்கலை என்ற தலைப்பில் ஒருங்கு காட்டப்பெற்றன. பின்னரோ, முன்னதன் பெரும்பகுதி எழுதிய உரையாடலைக் கொண்டு மீண்டும் எடுக்கப்பெற்றதென்பதும், பின்னதும் திட்டமிட்டு அமைத்ததே என்பதும் வெளிப்பட்டன. ஆயினும் அவ்விரண்டனையும் அத்தலைப்பின்கீழ் இணைத்தே பேசும் வழக்கம் நெடுங்காலம் நீங்கவில்லை. தொகுத்தவர் இட்ட பெயர் மெய்யை முந்திக்கொண்டது. குறிஞ்சி, மருதம் என ஒருவர் வகுத்தபின் ஒரு பாட்டினை வேறாகப் படித்தல் நமக்கும் எளிதன்று.

இவ்வாற்றலே பிணக்கிற்கும் வித்தாயிற்று. ஸ்டான் பிராக்கேஜ் 1958-இல் முடித்த 'இரவின் எதிர்நோக்கு' என்னும் படத்தை வோகெல் ஏற்க மறுத்தார். நடுங்கும் ஒளியும் விரையும் நிழலுமாக, கதைமாந்தரின்றி அமைந்த படம் அது. இன்று அத்துறையின் தலைசிறந்த ஆக்கங்களுள் ஒன்றாக மதிக்கப்பெறுகின்றது. கழகத்தின் நிகழ்ச்சிகளைத் தவறாது கண்டு வளர்ந்த யோனாஸ் மேக்கஸ் முதலியோர் 1962-இல் படைப்பாளர் கூட்டுறவு ஒன்றை நிறுவினர். இம்மறுப்பும் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பெறும். அங்குத் தேர்வு என்பதே இல்லை. யார் கொணர்ந்தாலும் ஏற்பது நெறி. பட்டியலின் வரிசையும் ஆக்கியோர் பெயரின் எழுத்து வரிசையே.

படைப்பாளர்க்கு அந்நெறி நீதியானது என்பதை மறுப்பதற்கில்லை. ஒருவர் விருப்பு வெறுப்பினால் ஒரு நற்படம் இருளில் கிடத்தல் தீது. பிராக்கேஜின் படத்தைப் பொறுத்தவரை வோகெல் பிழைத்தார் என்றே கூறல் வேண்டும். எனினும், எழுத்து வரிசைப் பட்டியல் கிராக்வெல்லின் கண்ணாடித் தகட்டை ஹக்ஸ்லியின் குரங்கிற்கு அருகில் வைப்பதில்லை. வைத்தாலும் அது தற்செயலே. தொகுப்பவரின் பிழையும் அவர்தம் கண்ணும் ஒரே இடத்திலிருந்து பிறப்பன. ஒன்றனை நீக்கி மற்றொன்றனைப் பெறுதல் எங்ஙனம் என்பதற்கு இரு சாராருள் எவரும் விடை கண்டதாகத் தெரியவில்லை.

செலவு மிகுந்தமையால் 1963-இல் கழகம் மூடப்பெற்றது. அதே ஆண்டில் வோகெல், ரிச்சர்ட் ரவுட் என்பாருடன் நியூயார்க்குத் திரைப்பட விழாவைத் தொடங்கி, 1968 வரை அதற்குத் துணைநின்றார். 1974-இல் அவர் வெளியிட்ட நூலிலும் படங்களை நாடு, காலம் என்னும் முறையில் அடக்காது, அவை உடைக்க முயலும் தடைகளின் முறையிலேயே வகுத்துள்ளார். 2012-இல் அவர் காலமானார். கழகத்தின் நிகழ்ச்சிக் குறிப்புகளையும் கடிதங்களையும் தொகுத்து ஸ்காட் மெக்டானல்ட் 2002-இல் ஆவண நூலாக வெளியிட்டார். எந்த மாலையில் எப்படங்கள் ஒருங்கு காட்டப்பெற்றன என்பதனை ஆராய விரும்புவார்க்கு அந்நூலே முதற்சான்று.